இரும்புக்கடை மாடியில் செவ்வாய்க்கிழமை

வால்டிவியாவில் மழையில்லாத செவ்வாய்க்கிழமை
எனக்கு நினைவில் இல்லை.
இரும்புக்கடைக்கு மேலே மரப்படி ஏறினால் ஒரு கூடம்,
வாசலில் ரப்பர் பூட்ஸ் குவியல்,
விறகடுப்பு, ஈரக் கம்பளி வாசம்,
நடுவே ஹார்மோனியத்தோடு எர்மிந்தா.

"நெஞ்சைத் திறங்கள்" என்பாள், துருத்தியை இழுத்தபடி.
"உள்ளே ஒரு தாமரை இருக்கிறது."
வாரந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும்.
நெஞ்சைத் திறக்கும் இடத்தில்தான் எனக்குச் சம்பளம்.

கத்தி பிடிப்பவள் இல்லை நான்.
பக்கத்தில் நிற்கும் இயந்திரம் என்னுடையது.
இதயத்தை நிறுத்தியபின் அதன் வேலையை
இயந்திரம் பார்க்கும்,
இயந்திரத்தை நான் பார்ப்பேன்.
எலும்பில் ரம்பம் ஏறும் ஓசை தெரியும்.
விலக்கினால் தாமரை இருக்காது.
மஞ்சள் கொழுப்பு, அதற்குள்
கைமூடிய அளவு தசை.
பொட்டாசியம் பாய்ந்ததும்
பேச்சின் நடுவே சொல் மறந்தவனைப்போல
நின்றுவிடும்.

இன்று என் வலப்பக்கம் உட்கார்ந்தவர்
மார்போடு ஒரு தலையணையை அணைத்திருந்தார்.
இருமினால் தையல் அதிராதிருக்க
நாங்கள் கொடுத்தனுப்பும் தலையணை.
முகம் எனக்குத் தெரியவில்லை.
முகத்துக்கு அங்கே திரை போட்டிருப்போம்.
ஆனால் காறை எலும்பின் கீழே
பச்சை குத்திய கடற்பறவை,
ஒரு சிறகு வரையாமல் விட்டது.
அதைத் தெரியும்.
உபால்டோ. ஆகஸ்ட் மாதம்.
எழுபத்தெட்டு நிமிடம்.

அவருக்கு என்னைத் தெரியாது.
"கப்பல் பட்டறையில் வெல்டர்" என்றார் தானாகவே.
"உள்ளே கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
நானாக இருந்தால் பற்றவைத்திருப்பேன்.
மூச்சுக்காக பிளாஸ்டிக் குழாயில் ஊதச் சொன்னார்கள்,
அதைவிட இது தேவலை என்று வந்தேன்."

எர்மிந்தா ஓர் அடி, நாங்கள் ஓர் அடி.
கோவிந்தன் எங்கள் நாவில் கோபிந்தன்.
ஹரியின் முதல் எழுத்து எங்கள் வாய்க்கு வராது,
அரி, அரி என்றே அனுப்பிவைக்கிறோம்.
பொருள் கேட்டால் பாதிப்பேர் அடுப்பைப் பார்ப்பார்கள்.
கீழே, மீன்சந்தைப் படித்துறையில்
கடற்சிங்கம் ஒன்று கத்தும்,
இன்னொன்று ஏற்கும்.
அவற்றுக்கும் யாரும் பொருள் சொன்னதில்லை.

மூன்று வருடமாக நான் உதட்டை மட்டும் அசைக்கிறவள்.
வேலை முடிந்து அடுப்பருகில் உட்காரத்தான் வருகிறேன்.

தாளம் ஏறியது. கைத்தட்டல் நெருங்கியது.
உபால்டோவின் குரல் பழைய டீசல் போல
இரண்டு முறை இடறி
அறுந்தது.
தலையணைமேல் விரல்கள் வெளுத்தன.
எங்கள் முறை வந்தது,
வலப்பக்கத்தில் ஒரு குரலளவு காலி.

அந்தக் காலியிடம் எனக்குப் பழக்கம்.
கிடுக்கியை எடுத்தபின்
யாரும் பேசாமல் குனிந்து பார்ப்போமே,
தானாகத் துடிக்குமா என்று.
அவருடையது அன்று தானாகத் துடிக்கவில்லை.

நான் பாடினேன்.
முடிவெடுத்துப் பாடவில்லை;
கை தானாகத் திருகைத் திருப்புமே, அப்படி.
கரகரத்த, சுருதி விலகிய, என் குரல்.
அவர் அடியையும் சேர்த்து
இருவர் அளவுக்கு
அரி, அரி.
முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு சுற்றோ, ஏழோ.
பக்கத்தில் ஒரு முனகல். பிறகு பாதிச் சொல்.
பிறகு ஒரு முழுப்பெயர், என் குரலுக்குக் கொஞ்சம் பின்னால்.
இனி நான் குறைக்க வேண்டும்.
கால்வாசி, அரை, அப்புறம் நிறுத்தம்.
இதில் நான் தவறியதே இல்லை.

நிறுத்த முடியவில்லை.
கன்னம் நனைந்திருந்தது; கூரை ஒழுகுகிறதென்று
நிமிர்ந்துகூடப் பார்த்தேன்.

படியிறங்கும்போது கேட்டார்:
"எத்தனை வருடமாகப் பாடுகிறீர்கள்?"
"இன்றைக்குத்தான்" என்றேன்.
நம்பாமல் சிரித்தார்.
தலையணையைப் பாலிதீன் பையில் போட்டு
இரண்டு முடிச்சு இட்டார்,
சட்டையின் மேல் பொத்தானைப் போட மறந்து
மழையில் இறங்கினார்.